சேரன்மகாதேவியிலிருந்து சந்திரா

"என் பிரியமானவர்களே..."

ரேடியோவிலிருந்து அந்தக் குரல் வந்ததும் எப்சிபாவின் கை நின்றுவிட்டது. இடியாப்ப அச்சிலிருந்து மாவு நூல் நூலாகப் பாதி இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அறுத்துவிடவும் தோன்றவில்லை, மேலே பிழியவும் தோன்றவில்லை. பிரியமானவர்களே. யாரெல்லாம் அந்தப் பிரியமானவர்கள் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் யோசிப்பாள். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றுகிறவன், நைட் டூட்டி முடிந்து ஆஸ்பத்திரிக் கண்ணாடியில் தலை சீவுகிற நர்ஸ், பாபநாசத்துக்கு முதல் பஸ் எடுக்கிற டிரைவர், தூக்கம் வராமல் நாலு மணிக்கே எழுந்து உட்கார்ந்திருக்கிற கிழவர்கள், எல்லோரும் பிரியமானவர்கள்தான். முகம் தெரியாத இத்தனை பேருக்கும் அந்த வார்த்தையை அவர் எவ்வளவு தாராளமாக அள்ளி விடுகிறார். பாளையங்கோட்டை சமாதானபுரத்தில், வாடகை வீட்டு அடுப்படியில், அரிசி மாவு டின்னுக்குப் பின்னால் ரேடியோவை மறைத்து வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிற இந்தப் பிரியமானவள் அவருடைய கணக்கில் சேர்த்தியா என்று தெரியவில்லை. அவர் கணக்குப்படி அவள் தூங்கிக்கொண்டிருக்கிறாள். அஞ்சரை மணிக்குக் கிளம்பும்போது கட்டில் பக்கம் வந்து நின்று, போர்வையை இழுத்துவிட்டு, "நீ தூங்கு, எப்சி" என்று ரகசியம் போலச் சொல்லிவிட்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு போனார். நோயாளி இருக்கிற அறைக் கதவை அப்படித்தான் சாத்துவார்கள். ஸ்கூட்டர் தெருமுனை திரும்பின மறுநிமிஷம் அவள் எழுந்து அடுப்படி விளக்கைப் போட்டுவிட்டாள். கண்ணை மூடிக் கிடந்தாளே தவிர, அவர் எழுவதற்கு முன்பே முழித்துவிட்டாள். சனிக்கிழமை ராத்திரியிலிருந்தே காது அந்த ஆறு மணிக்காகக் காத்துக்கிடக்கும்போது எங்கே தூங்குவது.

வண்ணார்பேட்டையில் அந்த எஃப்.எம். நிலையத்தின் மாடியில் கண்ணாடி அறைக்குள் இப்போது அவர் உட்கார்ந்திருப்பார். அவள் புருஷன், பாஸ்டர் ஆசீர் தங்கையா. ஊருக்கெல்லாம் பாடும் பாஸ்டர். சபையில் பிரசங்கம் கேட்க நூறு பேர் வருவார்கள் என்றால் ரேடியோவில் அவர் பாட்டைக் கேட்க ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கடையில் புளி வாங்கப் போனால் "பாஸ்டரம்மா, ஞாயித்துக்கிழமை அந்தப் பாட்டு கேட்டியளா, அழுதுட்டேன் பாத்துக்கிடுங்க" என்பார்கள். சிரித்துத் தலையை ஆட்டுவாள். தலையை ஆட்டுவது சுலபம், தொண்டை வேண்டாம். ஒருகாலத்தில் இதே ஜனங்கள் "உங்க ரெண்டு பேர் பாட்டையும் கேட்டு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். எந்த வாரம் அது "பாஸ்டர் பாட்டை" என்று ஆகிப்போனது? யாரும் யோசித்து மாற்றியிருக்க மாட்டார்கள். பாவம், அவர்கள் வாயில் தானாகவே மாறியிருக்கும். ரேடியோவில் கீபோர்டு ஆரம்பித்தது. டேனி வாசிக்கிறான். கூட இருக்கிற பையன்களிலேயே விரல் சுத்தமானவன், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் பாட்டில் அவள் பாட வேண்டிய வரி வரும்போதெல்லாம் அவன் ஒரு பட்டனை அமுக்கி அதைப் புல்லாங்குழல் சத்தத்தில் வாசித்துவிடுகிறான். வேறு பெண்ணை வைத்துப் பாடச் சொன்னால் அவளுக்கு வலிக்கும் என்று அவர்தான் அப்படி ஏற்பாடு செய்திருக்க வேண்டும். அந்தப் புல்லாங்குழலைக் கேட்கும்போதெல்லாம் செத்துப்போனவர்கள் படத்துக்கு முன்னால் எரிகிற சின்ன பல்பு அவளுக்கு ஞாபகம் வரும். நான் இருக்கேனே, அதுக்குள்ளேயே எனக்குப் பல்பு போட்டுட்டீங்களே என்று ஒருநாள் கேட்க வேண்டும். கேட்டால், கேட்கிற குரல் எப்படி இருக்கும்? காற்று. வெறும் காற்று. ஓட்டை விழுந்த பலூனிலிருந்து வருகிற மாதிரி. அதைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு பதற்றம் ஓடும், "பேசாத, பேசாத, தொண்டைக்கு ரெஸ்ட் குடு" என்பார். தொண்டைக்கு இன்னும் எத்தனை காலம் ரெஸ்ட்?

கழுத்துக் கட்டியை எடுத்தபோதே டாக்டர் சொல்லித்தான் எடுத்தார். தைராய்டுக்குப் பக்கத்தில் குரலுக்குப் போகிற நரம்பு ஓடுகிறது, பார்த்துத்தான் செய்வோம், ஆனாலும் சொல்ல முடியாது என்றார். உயிர்தான் முக்கியம் என்று அவர் கையெழுத்துப் போட்டார். அவளும் சரி என்றுதான் சொன்னாள். அதில் யாரையும் நோக ஒன்றுமில்லை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த புதிதில், எல்லோரும் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு ஒரே ஒரு வரி பாடிப் பார்க்கலாம் என்று. வாயைத் திறந்தாள். உள்ளுக்குள் பாட்டு சரியான இடத்தில் ஏறியது, வெளியே ஒன்றும் வரவில்லை. வாளி நிரம்பி வழிந்து காலை நனைத்தது. உள்ளே இருக்கிற பாட்டு அப்படியே இருக்க வெளிவாசல் மட்டும் அடைத்துப்போனதுதான் அவளுக்கு விளங்கவே இல்லை. மறந்துபோயிருந்தால் தேவலை. தாளம், மெட்டு, எந்த இடத்தில் மூச்சு எடுக்க வேண்டும், எந்த இடத்தில் அவர் குரலுக்கு வழி விட்டு ஒதுங்க வேண்டும், ஒன்றும் மறக்கவில்லையே. அன்றைக்கு அவள் அழவில்லை. சபையில் அடுத்த ஞாயிறு எல்லோரும் எழுந்து பாடுகையில் உதட்டை மட்டும் அசைத்தாள். பக்கத்திலிருந்த ரோஸ்லின் டீச்சர் அவள் கையைப் பிடித்து அமுக்கினாள் பாருங்கள், அப்போதுதான் அழுகை வந்தது.

அதுகூடப் பரவாயில்லை. குரல் போனதற்கு அழுது, ஓய்ந்து, ஒரு மாதிரி பழகியும் ஆயிற்று. பழகாதது இன்னொன்று. வீடு அடங்கிப்போய்விட்டதே, அது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த மனுஷன் வீட்டில் பாடாமல் இருந்ததே கிடையாது. பல் தேய்க்கும்போது, சட்டைக்கு இஸ்திரி போடும்போது, மகன் பிறந்து மூன்றாம் நாள் தொட்டில் கட்டும்போது, கரண்டு போன ராத்திரியில், சண்டை போட்ட மறுநாள் காலையில் சமாதானமாகப் போகலாமா என்று கேட்கிறதற்குப் பதிலாக. பாட்டெழுதும்போது முதல் வரியை அடுப்படிக்குக் கொண்டுவருவார். "எப்சி, இத எங்க கொண்டுபோய் முடிக்கலாம்?" என்பார். அவள் தேங்காய் துருவிக்கொண்டே முடித்துக் கொடுப்பாள். இப்போது தெருமுனையில் ஸ்கூட்டர் திரும்பும்போது அவர் பாடிக்கொண்டு வருவது கேட்கும். வண்டிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். பக்கத்து வீட்டு வேப்பமரம் தாண்டும்போது இன்னும் தெளிவாகக் கேட்கும். கேட்டைத் திறக்கிற சத்தம் வந்ததும், வரி பாதியில் நின்றுவிடும். வார்த்தையின் நடுவிலேகூட நின்றுவிடும். வெளியே செருப்பைக் கழற்றுவது போல பாட்டையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருகிறார். அவளுக்கு வலிக்கக் கூடாதாம். கதவுக்குப் பின்னால் நின்று அந்த மீதி வரிக்காக அவள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது அவருக்குத் தெரியாது. ஒருதரம் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். "பேசாத, பேசாத" என்றார். இப்படி ஒருத்தருக்கொருத்தர் இரக்கப்பட்டு இரக்கப்பட்டே வாய் மூடிப்போன வீடு வேறு எங்காவது இருக்குமா? சண்டை என்றால் தீர்த்துக்கொள்ளலாம். இது எதுவென்று சொல்லித் தீர்ப்பது. மகன் பெங்களூரிலிருந்து மெசேஜ் போட்டு "அப்பா எப்படி இருக்காங்க?" என்பான். நல்லா இருக்காங்க என்று எழுதி அனுப்புவாள். நல்லாத்தான் இருக்கிறார். மருந்து எடுத்துக் கொடுக்கிறார், காய்கறி வாங்கி வருகிறார், ஜெபம் பண்ணும்போது அவள் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறார். ரேடியோவில் இருக்கிற ஆள்தான் வீட்டுக்கு வருவதே இல்லை.

இட்லிக் கொப்பரையில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அவசரமாகப் பிழிந்து தட்டுகளை உள்ளே வைத்து மூடினாள். ரேடியோவில் முதல் பாட்டு முடிந்து அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு! மூக்கிலிருந்து ஆரம்பித்துத் தொண்டைக்கு இறங்குகிற சிரிப்பு. வீட்டில் அதைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. பொறாமை என்று சொன்னால் வெட்கக்கேடு. ரேடியோ கேட்கிற ஊர் ஜனத்தின் மேல் பாஸ்டர் பெண்டாட்டிக்குப் பொறாமையா. ஆனால் அதுதான். யாரோ ஒரு மனுஷி போன் போட்டு "ஐயா, முட்டுவலிக்கு ஜெபம் பண்ணுங்க" என்கிறாள், இவர் உருகிப் போகிறார். அவள் பேரக்குழந்தை பெயரைக் கேட்கிறார், மழை பெய்ததா என்று கேட்கிறார், அவளுக்காக ஒரு பாட்டுப் பாடுகிறார். போன் போட்டால் கிடைக்கிறது. போன் போட்டால் எவளுக்கும் கிடைக்கிறது. "உங்களுக்குப் பிடித்த பாட்டைக் கேட்க அழையுங்கள்" என்று அவர் நம்பரைச் சொல்லச் சொல்ல, அந்த நம்பர் அவளுக்கு எப்போதோ மனப்பாடமாகிப் போனது நினைவு வந்தது. கேட்டுக் கேட்டுப் பதிந்தது. போட வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. நினைத்ததில்லையா? போன வாரம் போனைக் கையில் எடுத்துவிட்டுத் துடைத்து வைத்தாயே, அது என்ன? அதற்கு முந்தின வாரம்? சரி, போட்டால் என்ன ஆகும். "யார் பேசுறீங்க?" என்பார். உங்க வீட்டுக்காரி என்பதா? ஊரே கேட்டுக்கொண்டிருக்கையில், பாஸ்டரம்மா தன் புருஷனோடு பேச ரேடியோவுக்குப் போன் போட்டாளாம் என்று நாளைக்குப் புளிக்கடையில் சிரிப்பாய்ச் சிரிக்கும். அவருக்கு எவ்வளவு அவமானம். அதைவிட, குரலைக் கேட்டதும் அவர் பதறி, பேசாத பேசாத என்று ரேடியோவிலேயே சொல்லிவிட்டால்? அல்லது இந்தக் காற்றுக் குரலை எல்லோரும் கேட்டு, ஐயோ இதுவா அந்த எப்சிபா பாட்டு என்று உச்சுக் கொட்டினால்? வேண்டாம். தேங்காய்ப்பால் பிழிய வேண்டும். ஏலக்காய் தட்ட வேண்டும். எட்டு மணிக்கு அவர் வந்து சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணி ஆராதனைக்குப் போக வேண்டும். தேங்காயை எடுத்தாள். வைத்தாள். வேறு பெயர் சொன்னால்?

அந்த நினைப்பு வந்ததும் ஈரக்கை தானாகப் போனை எடுத்துவிட்டது. எங்கேஜ்டு. நல்லவேளை என்று நினைத்தாள். நல்லவேளை என்று நினைத்துக்கொண்டே மறுபடி போட்டாள். மணி அடித்தது. வைத்துவிடு, வைத்துவிடு என்று இருக்கும்போதே அந்தப் பக்கம் ஒரு பெண், "வணக்கம், பேரு சொல்லுங்க, ஊரு சொல்லுங்க" என்றாள். பெயர். சாயர்புரம் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சந்திராவின் முகம் எங்கிருந்தோ வந்தது. எண்ணெய் வைத்துப் படியச் சீவின தலை, மூக்கில் ஒரு சின்னக் கல். அவளைக் கட்டிக்கொடுத்த ஊர் எது. "சந்திரா," என்றாள் எப்சிபா. "சேரன்மகாதேவி."

"தொண்டை சரியில்லையாக்கா? கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. ரேடியோ பக்கத்துல இருந்தாக் குறைச்சிருங்க, எதிரொலி வரும். என்ன பாட்டு?"

"கிணற்றோரம் அமர்ந்தவரே."

"லைன்லயே இருங்க."

ரேடியோவை முழுக்கத் தணித்தாள். அடுப்படி சட்டென்று அமைதியானது. கொப்பரை மூடி மட்டும் லேசாகக் கடகடத்தது. பொய் சொல்லிவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை காலையில், அதுவும் தேவனுடைய பாட்டு நடக்கிற இடத்தில், அடுப்பை மூட்டிவிட்டு நின்று வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டாய். அந்தப் பாட்டை ஏன் கேட்டாய், அதுதான் அவர் உனக்கென்று எழுதினதாயிற்றே, மெட்ராஸுக்கு ரயிலேறிப் போய் ரெண்டு பேருமாகக் கேசட் போட்ட பாட்டாயிற்றே, கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வாய். கண்டுபிடிக்க வேண்டுமா, வேண்டாமா? எதற்கடி போன் போட்டாய்?

"ஸ்தோத்திரம்மா. சந்திராம்மாவா? சேரன்மகாதேவியில இருந்து கூப்பிடுதீங்க. நல்லா இருக்கீங்களா?"

காதுக்குள். ரேடியோ அலமாரியில் இருக்கும், அவர் கட்டிலின் அந்த ஓரத்தில் இருப்பார். இந்தக் குரல் இவ்வளவு பக்கத்தில் வந்து எத்தனை காலம். மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நல்லா இருக்கேன் ஐயா."

"சளி பிடிச்சிருக்கா? தொண்டை கட்டியிருக்கே."

"ஆமா ஐயா. சளி."

தெரியவில்லை. அவருக்குத் தெரியவில்லை. நிம்மதியாக இருந்தது. நிம்மதிக்கு அடியில் வேறொன்று மெல்லக் கத்தியைப் போல இறங்கியது. இந்தக் குரலை அவருக்கு எப்படித் தெரியும், வீட்டில் கேட்டிருந்தால்தானே. கரண்டியால் தட்டைத் தட்டிச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். தலையசைப்பில் சம்மதம் சொல்லுகிறாள். மீதிக்குப் பேசாத, பேசாத. அவருக்குத் தெரிந்த எப்சிபாவின் குரல் கேசட்டில்தான் இருக்கிறது.

"மிளகுக் கசாயம் வச்சுக் குடிங்கம்மா. இது பழைய பாட்டாச்சே, இப்ப நிறையப் பேருக்குத் தெரியாது. ஏன் இந்தப் பாட்டு?"

"முன்ன வீட்டுல பாடுவாங்க ஐயா."

"யாரு?"

"எங்க வீட்டுக்காரங்க."

"அப்படியா! இப்ப... அவங்க இருக்காங்களாம்மா?"

"இருக்காங்க, இருக்காங்க." அவசரமாகச் சொன்னாள். சொன்ன வேகத்தில் பாதி எழுத்து காற்றாகப் போனது. "நல்லா இருக்காங்க. வெளியில எல்லாம் பாடுவாங்க. வீட்டுல மட்டும் பாட மாட்டாங்க."

பின்னால் டேனி கீபோர்டில் மெதுவாக எதையோ தடவிக்கொண்டிருந்தான்.

"உங்களோட ஏதும் வருத்தமாம்மா?"

"தெரியல ஐயா. நான் கேக்கல."

"கேளுங்க. கேக்கணும். ஒரே வீட்டுக்குள்ள இருக்கவங்க என்ன நெனைக்காங்கன்னு நாமளா நெனச்சிக்கிட்டு இருக்கக் கூடாது." பிரசங்கத்தில் அவருக்குக் கைவந்த தொனி அது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "நான் சொன்னேன்னு சொல்லுங்கம்மா. ரேடியோவுல பாஸ்டர் சொன்னாங்க, வீட்டுல பாடணுமாம்னு சொல்லுங்க. கேப்பாங்க. இப்ப நான் பாடுதேன், நீங்களும் கூடப் பாடணும்."

"எனக்குப் பாட வராது ஐயா. தொண்டை..."

"தொண்டை கிடக்கட்டும்மா. நீங்க பாடுங்க."

தொண்டை கிடக்கட்டும். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாளில் யாரும் சொல்லாத வார்த்தை. டாக்டர் சொல்லவில்லை, சபை சொல்லவில்லை, மகன் சொல்லவில்லை. கட்டில் ஓரத்தில் நின்று போர்வையை இழுத்துவிடுகிற கை சொல்லவில்லை. யாரென்று தெரியாத சந்திராவுக்கு எவ்வளவு லேசாகக் கிடைத்துவிட்டது அது. அவர் ஆரம்பித்தார். *கிணற்றோரம் அமர்ந்தவரே, தண்ணீர் கேட்டவரே...* ஸ்ருதி கொஞ்சம் இறங்கியிருந்தது, வயதாகிறது இவருக்கும். *தாகம் உமக்கா, எனக்கா...* முடிக்க வேண்டியது அவள். டேனியின் புல்லாங்குழல் வருவதற்குள் வாயைத் திறந்துவிட்டாள். *நீரே சொல்லுமே.* காற்று, கரகரப்பு, கதவிடுக்கில் மழைக்காற்று நுழைகிற சத்தம். ஆனால் அதற்குள் மெட்டு இருந்தது. மேலே ஏறவேண்டிய இடத்தில் ஏற முடியவில்லை. வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டே சும்மா பாடும்போது இறங்குவாளே, அந்த மாதிரி அடியில் இறங்கி வந்து முடித்தாள். முடித்த பிறகுதான் பாடிவிட்டோம் என்று தெரிந்தது. அந்தப் பக்கம் அவருடைய அடுத்த வரி வரவேண்டும். வரவில்லை. டேனி ஒரு சுற்று சும்மா வாசித்தான். பிறகு அவர் செருமிக்கொண்டு, "ஆமென்," என்றார். "நல்லது. நல்லதும்மா. ஒரு... ஒரு விளம்பர இடைவேளைக்கு அப்புறம் தொடருவோம்." போன் வைக்கப்பட்டது.

கொப்பரையில் தண்ணீர் வற்றி அடிப்பிடிக்கிற வாசனை வந்ததும்தான் நகர்ந்தாள். மீதி நிகழ்ச்சியைக் கேட்கவில்லை. ரேடியோவைத் திருப்பித் திறக்கப் பயமாக இருந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்திருந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்க மாட்டாரா? எல்லோரும் கேட்கும்போது எப்படிக் கூப்பிடுவார். தெரியவில்லையென்றால் ஏன் நின்றார். பாட்டு நன்றாக இல்லை, அதனால் நின்றிருக்கும். பாவம் ஒரு சளிப் பிடித்த மனுஷி, காற்றை ஊதித் தள்ளினாள், என்ன சொல்லுவார் மனுஷன். தேங்காயைத் துருவினாள். கட்டைவிரலில் கீறிக்கொண்டாள். தெரிந்தால் கோபப்படுவாரா, பொய் சொன்னதற்கு. கோபப்பட்டால்கூட நல்லது. அவர் கோபம் பார்த்தும் காலமாயிற்று. நோயாளியின் மேல் யாரும் கோபப்படுவதில்லை. தெரியாவிட்டால்? தெரியாவிட்டால் அடுத்த ஞாயிறும் சந்திரா போன் போடலாம். அதற்கடுத்த ஞாயிறும். சந்திராவோடு அவர் சிரிப்பார், கசாயம் வைக்கச் சொல்லுவார், பாடச் சொல்லுவார். சேரன்மகாதேவியில் ஒரு குடித்தனம். அப்படியே காலத்தை ஓட்டிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே யோசித்தாள். யோசித்தவுடன் சந்திராவின் மேலும் அந்தப் பொறாமை வந்தது. பால் பிழிந்தாள். ஏலக்காய் தட்டிப் போட்டாள். தெருமுனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். வேப்பமரம் தாண்டி வண்டி வந்தது, வண்டிச் சத்தம் மட்டும். இன்றைக்குத் தெருவிலும் பாடவில்லை. கேட் திறந்தது.

அவர் கைகழுவி வந்து உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. தட்டில் இடியாப்பத்தை வைத்துப் பாலை ஊற்றிவிட்டு அவள் வழக்கம்போல அடுப்படி வாசலில் நின்றாள். அவர் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"தூங்கினியா?"

தலையை ஆட்டினாள்.

"இன்னைக்கு ஒரு அம்மா போன் பண்ணாங்க," என்றார் தட்டைப் பார்த்துக்கொண்டே. அவளிடம் நிகழ்ச்சியைப் பற்றி அவர் பேச்செடுப்பதே கிடையாது. "உங்கிட்டச் சொல்லலாமான்னு... கேட்டா வருத்தப்படுவியோ என்னமோ. சேரன்மகாதேவியாம். நம்ம கிணற்றோரம் பாட்டைக் கேட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் முன்ன பாடுவாராம், இப்ப வெளியில பாடுதாராம், வீட்டுல பாட மாட்டாராம். அந்த அம்மா அதச் சொன்ன விதம் இருக்கே... நான் பெரிய இவன் மாதிரி புத்தி சொல்லுதேன், வீட்டுல பாடச் சொல்லுங்கன்னு. சொல்லிட்டு எனக்கே..." அவர் கையில் எடுத்ததை மறுபடி தட்டில் வைத்தார். "வர்ற வழியெல்லாம் அதே நெனப்பு. எனக்கு இன்னைக்குப் பிரசங்கம் ஓடாது போல."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவர் பேசிக்கொண்டே போனார், பல மாதம் அடைத்து வைத்திருந்த குழாய் திறந்துகொண்ட மாதிரி.

"கூடப் பாடச் சொன்னேன். குரல் ஒண்ணுமே இல்ல, எப்சி. வெறும் காத்து. ஆனா பாடுனாங்க பாரு... ரெண்டாவது வரியில மேல போகாம அடியில இறங்கி வந்தாங்க. எனக்கு அடுத்த வரி மறந்து போச்சு. கேசட்டுல அது அப்படிக் கிடையாதே, மேலதான போகும். அடியில இறங்குறது வீட்டுல நாம சும்மா பாடும்போது மட்டும்—"

நின்றுவிட்டார்.

பால் சொட்டுகிற விரல்கள் தட்டுக்கு மேலே அப்படியே நின்றன. அவர் முகத்தை ஏறெடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவளைப் பார்த்தார். பழைய ஆசீரின் கண்கள், பாட்டின் முதல் வரியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வருகிறவனுடைய கண்கள். பிறகு அவை நிறைந்துவிட்டன.

"எந்த ஊருன்னு சொன்ன?" என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். இந்தத் தடவை அவர் பேசாத என்று சொல்லவில்லை. காத்திருந்தார்.

"ரேடியோ பாஸ்டர் உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க," என்றாள் எப்சிபா. கரகரத்து, பாதி காற்றாக, ஆனால் ஒரு வார்த்தையையும் விழுங்காமல். "வீட்டுல பாடணுமாம்."

அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை, மூக்கிலிருந்து ஆரம்பித்து என்னவோ தொண்டைக்கு இறங்கியது. இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சபை வேன் வந்து வாசலில் ஹாரன் அடித்தது. அடித்துவிட்டு நின்றது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இரண்டு தரம் ஆரம்பித்து, இரண்டு தரமும் குரல் உடைந்து, மூன்றாவது தரம் பிடித்துக்கொண்டார். கூட்டத்துக்குப் பாடுகிற குரல் இல்லை அது. மைக்கும் இல்லை, டேனியும் இல்லை. அடுப்படி வாசலில் நிற்கிறவளுக்கே சரியாகக் கேட்காத அளவுக்கு அவ்வளவு மெதுவாகப் பாடினார். கேட்க வேண்டுமானால் பக்கத்தில் போய்த்தான் உட்கார வேண்டும்.

போய் உட்கார்ந்தாள்.